காற்றைச் சுமந்து கடலுக்குள்

முத்துக் குளிப்பதைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தூத்துக்குடிக் கடலில் பல நூறு ஆண்டுகள் நடந்த தொழில் அது. குளிப்பவர் ஒரு கனத்த கல்லின்மேல் காலை வைத்துக்கொண்டு கடலுக்குள் இறங்குவார். ஒரு கயிறு அவரைப் படகோடு இணைத்திருக்கும். மூச்சை அடக்கியபடியே கடலடிக்குப் போவார். கையில் அகப்பட்ட சிப்பிகளைப் பையில் அள்ளுவார். பிறகு கயிற்றை அசைப்பார். படகில் இருப்பவர் அவரை மேலே இழுத்துவிடுவார். இவ்வளவும் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முடிய வேண்டும்.

கயிற்றைப் பிடிப்பவர் யார்? குளிப்பவரின் மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்று சொல்வார்கள். தன் உடன்பிறந்தவள் தாலியை இழக்க எந்த அண்ணன் தம்பியும் விடமாட்டான் அல்லவா? அதனால் அவன் கை கயிற்றை விடாது.

1961-ஆம் ஆண்டுக்குப் பிறகு தூத்துக்குடியில் அந்தப் பழைய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் கடலுக்குள் மூழ்குபவர்கள் இன்று முன்னைவிட அதிகம். ஒரு நிமிடம் இருந்த இடத்தில் ஒரு மணி நேரம்கூட இருக்கிறார்கள். மீனைப் போல நீந்துகிறார்கள். அவர்கள் முதுகில் சுமந்து செல்லும் கருவிக்கு ‘ஸ்கூபா’ என்று பெயர். ‘நீருக்கடியில் தானே இயங்கும் மூச்சுக் கருவி’ என்று பொருள்படும் ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து இந்தப் பெயரை வைத்தார்கள்.

இந்தக் கருவி எப்படி வந்தது? கருவி வந்ததும் ஆபத்து போய்விட்டதா? இல்லை. கருவி முதலில் வந்தது. அதைப் பயன்படுத்தும் அறிவு பிறகுதான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் பலர் உயிரை இழந்தார்கள். அந்தக் கதையைப் பார்ப்போம்.

தண்ணீரின் பாரம்

ஒரு குடம் தண்ணீரைத் தூக்கினால் அதன் கனம் தெரியும். கடலுக்குள் இறங்குபவரின் மேல் எத்தனை குடம் தண்ணீர் இருக்கும்! அந்தப் பாரம் உடலை எல்லாப் பக்கமும் அழுத்துகிறது. இதுவே நீரின் அழுத்தம்.

தரையில் நம்மைக் காற்று அழுத்துகிறது. அதை 1 பங்கு என்று வைத்துக்கொள்வோம். கடலில் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 2 பங்கு ஆகும். 20 மீட்டரில் 3 பங்கு. 30 மீட்டரில் 4 பங்கு.

ஒரு பலூனில் காற்றை ஊதிக் கட்டிக் கடலுக்குள் 10 மீட்டர் கொண்டுபோனால் அது பாதியாகச் சுருங்கும். மேலே கொண்டுவந்தால் பழையபடி விரியும். நம் நுரையீரலும் இப்படித்தான். மூச்சை அடக்கிக் குளிப்பவர் மேலிருந்து கொண்டுபோன காற்று கீழே சுருங்கி, மேலே வந்ததும் பழைய அளவுக்கே வரும். அதனால் கெடுதல் இல்லை. ஆனால் 10 மீட்டர் ஆழத்தில் கருவியிலிருந்து நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தவர் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வரக் கூடாது. அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் கிழியும். உயிரே போகலாம்.

ஆகவே ஸ்கூபா மூழ்குதலின் முதல் பாடம் இது: மூச்சை ஒருபோதும் அடக்காதே.

செம்புத் தலைக்கவசம்

ஸ்கூபாவுக்கு முன்பே வேறொரு கருவி இருந்தது. 1830-களில் லண்டனில் அகஸ்டஸ் சீப் என்னும் பொறியாளர் அதைச் செம்மைப்படுத்தினார். தலையில் செம்பால் ஆன பெரிய கவசம். உடல் முழுவதும் தண்ணீர் புகாத உடுப்பு. காலில் ஈயம் வைத்த செருப்பு. எல்லாம் சேர்ந்து ஒரு ஆளின் எடைக்கும் மேல் கனக்கும். கப்பலில் இருப்பவர்கள் பம்பைச் சுற்றுவார்கள். குழாய் வழியே காற்று கீழே போகும். மூழ்கியவர் கடலடியில் மெல்ல நடப்பார். குழாய் எட்டும் தூரம்வரைதான் போகலாம்.

மூழ்கிய கப்பல்களை எடுக்க இது உதவியது. கிரேக்க நாட்டின் தீவுகளில் கடற்பஞ்சு எடுப்பவர்களும் 1860-களில் இந்த உடுப்பை வாங்கினார்கள். அதுவரை அவர்களும் நம் முத்துக் குளிப்பவர்களைப் போல மூச்சை அடக்கி மூழ்கியவர்கள்தாம். புதிய உடுப்பு வந்ததும் நெடுநேரம் கீழே இருந்தார்கள். நிறையப் பஞ்சு கிடைத்தது. வருமானம் பெருகியது.

ஆனால் மேலே வந்த பிறகு சிலருக்கு மூட்டுகள் தாங்க முடியாமல் வலித்தன. சிலருக்குக் கால்கள் விழுந்துவிட்டன. பலர் மாண்டார்கள். என்ன நோய் என்று யாருக்கும் விளங்கவில்லை.

ஆடுகள் கற்றுத் தந்த பாடம்

காரணத்தை 1878-இல் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி பால் பெர்ட் விளக்கினார்.

நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் பிராணவாயு. மற்றதில் பெரும்பகுதி நைட்ரஜன். நைட்ரஜனை உடல் பயன்படுத்துவதில்லை. தரையில் அதனால் தொல்லையும் இல்லை. ஆழத்தில் அழுத்தம் அதிகம். அங்கே நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. ஆழம் கூடக் கூட, நேரம் கூடக் கூட, கரைவதும் கூடும்.

கோலி சோடாவை நினைத்துப் பாருங்கள். கோலி மூடியிருக்கும்வரை தண்ணீர் தெளிவாக இருக்கும். உள்ளே வாயு கரைந்திருப்பது தெரியாது. கோலியைச் சட்டென்று அழுத்தினால் என்ன ஆகிறது? குபுகுபுவென்று நுரைக்கிறது. ஆழத்திலிருந்து வேகமாக மேலே வருபவரின் உடம்பிலும் இதுவே நடக்கிறது. கரைந்த நைட்ரஜன் குமிழ்களாகக் கிளம்புகிறது. குமிழ் மூட்டில் தங்கினால் வலி. தண்டுவடத்தில் தங்கினால் வாதம்.

சோடாவை மெல்ல மெல்லத் திறந்தால் நுரைக்காது. உடலுக்கும் அதுவே வழி. இங்கிலாந்தில் ஜான் ஹால்டேன் என்ற விஞ்ஞானி ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதனை செய்தார். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால், மேலே வரும்போது எங்கெங்கே நின்று காத்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டார். அந்த அட்டவணையை 1908-இல் வெளியிட்டார். அதைப் பின்பற்றியவர்கள் பிழைத்தார்கள்.

கார் வால்விலிருந்து கடல் கருவி

குழாயை அறுத்துவிட்டுச் சுதந்திரமாக நீந்த வேண்டும். இது பலரின் கனவு. அதற்குக் காற்றை உடன் எடுத்துச் செல்ல வேண்டும். 1860-களிலேயே பிரான்ஸில் இதற்கு ஒரு கருவி செய்தார்கள். ஆனால் அந்தக் காலத்துக் கலனில் போதிய காற்றை அடைக்க முடியவில்லை.

சிலர் வெறும் பிராணவாயுவை எடுத்துச் சென்றார்கள். பிரான்ஸ் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்டோ 1939-இல் இப்படி மூழ்கிப் பார்த்தார். கடலுக்குள் அவருக்கு வலிப்பு வந்தது. தெய்வாதீனமாகப் பிழைத்தார். அழுத்தம் கூடினால் சுத்தமான பிராணவாயுவும் நஞ்சாகும். 6 மீட்டருக்குக் கீழே அது ஆபத்து. ஸ்கூபா சிலிண்டரை இன்றும் பலர் ‘ஆக்சிஜன் சிலிண்டர்’ என்கிறார்கள். அது தவறு. அதில் இருப்பது பெரும்பாலும் நாம் மூச்சுவிடும் சாதாரணக் காற்றுதான்.

அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பிரான்ஸில் பெட்ரோல் கிடைக்கவில்லை. கார்களை எரிவாயுவில் ஓட்டினார்கள். எமில் கான்யான் என்ற பொறியாளர் இன்ஜினுக்குத் தேவையான வாயுவைத் தேவையான நேரத்தில் கொடுக்கும் வால்வு ஒன்றைச் செய்திருந்தார். கூஸ்டோ 1942-இன் இறுதியில் அவரைச் சந்தித்தார். இன்ஜினுக்குக் கொடுப்பதை மனிதனுக்கும் கொடுக்கலாமே என்று இருவரும் வேலையில் இறங்கினார்கள்.

வீட்டில் எரிவாயு சிலிண்டரின் மேல் ரெகுலேட்டர் இருக்கிறதல்லவா? அது சிலிண்டரின் வேகத்தைக் குறைத்து அடுப்புக்கு ஏற்றபடி வாயுவை விடுகிறது. ஸ்கூபா கருவியிலும் ஒரு ரெகுலேட்டர் உண்டு. மூச்சை இழுத்தால் திறக்கும். நிறுத்தினால் மூடும். எந்த ஆழத்தில் இருக்கிறோமோ அந்த அழுத்தத்துக்கு ஏற்றபடி காற்றைக் கொடுக்கும்.

1943 ஜனவரியில் பாரிசுக்கு அருகே மார்ன் ஆற்றில் முதல் சோதனை. நிமிர்ந்து நின்றால் காற்று வீணாக வெளியேறியது. தலைகீழாக இருந்தால் காற்றே வரவில்லை. இருவரும் குறையைக் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். அந்த ஆண்டு ஜூன் மாதம் மத்தியதரைக் கடலில் கூஸ்டோ மூழ்கினார். கருவி நன்றாக வேலை செய்தது. மனிதன் முதுகில் காற்றைச் சுமந்து மீனைப் போலத் திரிந்தான். அவர் மனைவி சிமோன் ஸ்கூபா கருவியுடன் மூழ்கிய முதல் பெண்களுள் ஒருவர்.

துணிச்சலின் காலம்

தொடக்க காலத்தில் மூழ்குதல் வீர விளையாட்டாக இருந்தது. யார் அதிக ஆழம் போவது என்ற போட்டி இருந்தது.

1947 செப்டம்பரில் கூஸ்டோவின் குழுவைச் சேர்ந்த மோரிஸ் பார்க் ஆழத்தை அளக்க மூழ்கினார். கயிற்றில் பலகைகள் கட்டியிருந்தன. போகும் ஆழத்தில் உள்ள பலகையில் கையெழுத்திட வேண்டும். சற்று நேரத்தில் அவர் கொடுத்துவந்த சைகை நின்றது. மேலே இழுத்தார்கள். உயிர் போயிருந்தது. 120 மீட்டர் ஆழத்தில் இருந்த பலகையில் அவர் கையெழுத்து இருந்தது.

ஆழத்தில் நைட்ரஜன் மூளையை மயக்கும். 30 மீட்டரைத் தாண்டினால் கள் குடித்தவரைப் போல ஆகலாம். பயம் போய்விடும். நிதானமும் போய்விடும். எவ்வளவு பெரிய வீரரும் இதற்கு விலக்கு இல்லை.

அந்த நாளில் சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் என்று பார்க்க மீட்டரும் இல்லை. ஸ்கூட்டரில் பெட்ரோல் தீரும்போது ரிசர்வுக்கு மாற்றுவார்கள் அல்லவா? அதுபோல ஒரு கம்பி இருந்தது. மூச்சு இழுக்கக் கடினமானால் கம்பியை இழுக்க வேண்டும். கொஞ்சம் காற்று வரும். அதற்குள் மேலே வந்துவிட வேண்டும். கம்பி ஏற்கெனவே தெரியாமல் இழுபட்டிருந்தால்? ரிசர்வும் இல்லை.

கருவி மாறிய விதம்

ஒவ்வொரு குறையும் ஒரு புதிய கருவியைக் கொண்டுவந்தது.

குளிர் நீரில் உடல் விறைத்தது. 1952-இல் அமெரிக்க விஞ்ஞானி ஹியூ பிராட்னர் ரப்பர் உடுப்பு ஒன்றை உருவாக்கினார். ரப்பருக்குள் இருக்கும் சிறுசிறு காற்றுக் குமிழ்கள் உடல் வெப்பத்தைக் காக்கும்.

முதல் ரெகுலேட்டரில் தலையின் இருபுறமும் இரண்டு பெரிய குழாய்கள் இருந்தன. 1952-இல் ஆஸ்திரேலியாவில் டெட் எல்ட்ரெட் ஒரே குழாய் உள்ள கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று உலகெங்கும் பெரும்பாலும் அந்த வகைதான்.

1970-களில் காற்று மீட்டர் பரவலாயிற்று. மீதிக் காற்று எவ்வளவு என்று கண்ணால் பார்க்க முடிந்தது. அதே காலத்தில் காற்றுச் சட்டையும் வந்தது. சட்டைக்குள் காற்றை விட்டால் மேலே மிதக்கலாம். வெளியேற்றினால் கீழே இறங்கலாம். சரியாக வைத்தால் நடுநீரில் அப்படியே நிற்கலாம்.

முன்பு ஒருவருக்குக் காற்று தீர்ந்தால், இருவரும் ஒரே வாய்க்குழாயை மாற்றி மாற்றிக் கவ்வி மேலே வர வேண்டும். பதற்றத்தில் சிலர் திருப்பிக் கொடுக்கமாட்டார்கள். இருவருக்கும் ஆபத்து. பிறகு ஒவ்வொருவரும் இரண்டாவது வாய்க்குழாயைச் சேர்த்தே சுமந்தார்கள். அது தனக்காக அல்ல, அடுத்தவருக்காக.

1983-இல் கையடக்கமான கணினி ஒன்று விற்பனைக்கு வந்தது. ஆழம், நேரம் இரண்டையும் அது கணக்கிட்டு, இன்னும் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று காட்டும். இன்று அது கைக்கடிகாரம் அளவுக்குச் சிறுத்துவிட்டது.

ஒரு சிறு கணக்கு போடுவோம். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பங்கு அழுத்தத்தில் காற்றை அடைத்தால் 2,400 லிட்டர் காற்று இருக்கும். மூழ்குபவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறார் என்போம். தரையில் அது 2 மணி நேரம் வரும். 10 மீட்டர் ஆழத்தில் 1 மணி நேரம்தான். 30 மீட்டரில் அரை மணிதான். அதிலும் கால் பங்கையாவது மிச்சம் வைத்து மேலே வர வேண்டும். ஆழம் கூடினால் நேரம் குறையும் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

எண்ணம் மாறிய விதம்

கருவி மாறியதைவிட மனிதரின் எண்ணம் மாறியதே பெரிது.

முன்பு பணம் இருந்தால் கருவியை வாங்கிக்கொண்டு நேரே கடலில் இறங்கலாம். இன்று நல்ல கடைக்காரர் பயிற்சிச் சான்று இல்லாதவருக்குச் சிலிண்டர் நிரப்பித் தரமாட்டார். இங்கிலாந்தில் 1953-இலும் அமெரிக்காவில் 1966-இலும் தொடங்கிய பயிற்சி அமைப்புகள் இந்தப் பழக்கத்தை உலகெங்கும் பரப்பின.

முன்பு ஆழம் போனவர் வீரர். இன்று பத்திரமாகத் திரும்பியவரே நல்ல மூழ்குபவர். முன்பு நிமிடத்துக்கு 18 மீட்டர் வேகத்தில் மேலே வரலாம் என்றார்கள். இன்று 9 மீட்டர் போதும் என்கிறார்கள். வழியில் 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்கச் சொல்கிறார்கள்.

இன்று தனியே மூழ்குவதில்லை. இருவர் இருவராகப் போகிறார்கள். இறங்கும் முன் ஒருவர் கருவியை மற்றவர் சோதிக்கிறார். நீருக்குள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அன்று கயிறு பிடித்த மச்சானின் வேலையை இன்று கூட்டாளி செய்கிறார்.

கடலைப் பார்க்கும் கண்ணும் மாறியது. 1950-களில் பலர் மீனை ஈட்டியால் குத்தவே மூழ்கினார்கள். கூஸ்டோவின் ‘மௌன உலகம்’ என்ற படம் 1956-இல் கான் திரைப்பட விழாவில் முதல் பரிசு பெற்றது. அதில் அவர் குழுவினர் சுறாக்களைக் கொல்லும் காட்சி உண்டு. பவளப்பாறையில் வெடி வைக்கும் காட்சியும் உண்டு. அன்று பெரிதாக யாரும் குறை சொல்லவில்லை. பின்னர் அதே கூஸ்டோ கடலைக் காக்கப் பேசினார். 1960-இல் மத்தியதரைக் கடலில் அணுக்கழிவைக் கொட்டும் திட்டத்தை எதிர்த்தார். 1973-இல் கடல் பாதுகாப்புக்காக ஒரு சங்கம் தொடங்கினார்.

நம் நாட்டிலும் அந்தமான், இலட்சத்தீவு, கர்நாடகத்தின் நேத்ராணி தீவு ஆகிய இடங்களில் ஸ்கூபா மூழ்குதல் நடக்கிறது. பவளம், கடல்குதிரை, கடல் அட்டை ஆகியவற்றை எடுப்பதை 2001 முதல் சட்டம் தடுக்கிறது. மன்னார் வளைகுடாவில் ஆய்வாளர்கள் ஸ்கூபா கருவியுடன் இறங்கி, சிதைந்த பவளப்பாறைகளில் புதிய பவளக் கிளைகளைக் கட்டி வளர்க்கிறார்கள். அன்று உடைத்த கைகள் இன்று நடுகின்றன.

நம் கரையில் ஒரு கவலை

தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளிப்பவர்களில் பலர் கம்பிரசரைப் பயன்படுத்துகிறார்கள். பஞ்சர் கடையில் டயருக்குக் காற்று அடிக்கும் இயந்திரத்தைப் போன்றது அது. படகில் இயந்திரம் ஓடும். குழாய் வழியே கீழே காற்று வரும். நெடுநேரம் இருக்கலாம். நிறையச் சங்கு எடுக்கலாம்.

கிரேக்கத் தீவுகளின் கதை நினைவுக்கு வருகிறதா? அங்கும் கருவி முதலில் வந்தது, அறிவு பிறகு வந்தது. கம்பிரசரில் குளிப்பவருக்கும் அதே விதிதான். ஆழமும் நேரமும் கூடினால் உடலில் நைட்ரஜன் சேரும். சட்டென்று மேலே வந்தால் குமிழ் கிளம்பும். ஆகவே மெதுவாக வர வேண்டும். இடையில் நின்று வர வேண்டும். இன்ஜின் புகை காற்றுக் குழாய்க்குள் போகாதபடி இயந்திரத்தை வைக்க வேண்டும். அந்தப் புகையில் உயிரைப் பறிக்கும் நச்சு வாயு இருக்கிறது. படகில் இருப்பவர் இன்ஜினை விட்டு நகரக் கூடாது.

மேலே வந்த பிறகு மூட்டு வலி, மரத்துப்போதல், தலைச்சுற்றல், கால் தளர்ச்சி ஏதேனும் இருந்தால் அது வெறும் களைப்பு அன்று. மீண்டும் கடலில் இறங்கினால் வலி போகும் என்று சிலர் நினைப்பார்கள். அது பெரிய ஆபத்து. படுக்க வைக்க வேண்டும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கடலில் மூழ்கியவர் என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். பிராணவாயு கொடுப்பார்கள். தேவையானால் அழுத்த அறை உள்ள இடத்துக்கு அனுப்புவார்கள். எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது.

கல்லும் கயிறும் போய்ச் செம்புக் கவசம் வந்தது. அது போய்ச் சிலிண்டர் வந்தது. நாளை வேறு ஒன்று வரலாம். ஆனால் மூன்று பாடங்கள் மாறவில்லை. மூச்சை அடக்காதே. அவசரமாக மேலே வராதே. தனியே போகாதே.

கலந்து பேசுங்கள்

1. சோடா பாட்டிலைச் சட்டென்று திறந்தால் நுரைப்பது ஏன்? இதற்கும் கடலில் மூழ்குவதற்கும் என்ன தொடர்பு?
2. புதிய கருவி வந்தும் கிரேக்கத் தீவுகளில் பலர் இறந்தது ஏன்?
3. உங்கள் தொழிலில் புதிதாக வந்த கருவி எது? அதைப் பத்திரமாகப் பயன்படுத்த யார் கற்றுக்கொடுத்தார்கள்?